தேற்றான்கொட்டை தேய்த்த தண்ணீர்

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு மேடு என்றால் கோரிமேடுதான். சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டிய அந்தச் செம்மண் ஏற்றத்தைவிட உயரமான இடம் ஒன்று உண்டு என்பதைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். ஆகவே, மதாம் வகுப்புக்குள் வந்து, "வர்ற வியாழக்கிழமை மலைக்குப் போறோம்" என்று சொன்னபோது நாங்கள் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உங்களில் சிலர் அந்த இருபத்திரண்டு பேரில் இருந்தீர்கள். உங்களுக்கு நினைவிருப்பதெல்லாம் கரியும் கறுத்த வாயும்தான் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவது அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நம் பள்ளியில் இன்னும் வியாழக்கிழமைதான் விடுமுறை. டீச்சர்களை மதாம் என்றும், தலைமைக் கன்னியாஸ்திரீயைப் பெரிய மேர் என்றும் கூப்பிட்டோம். எங்கள் மதாம் இயற்கைப் பாடம் நடத்துபவர். குட்டைக் கை வைத்த வெள்ளைக் கவுன், கறுப்புக் குடை, எப்போதும் கையில் தடித்த ஒரு பிரெஞ்சுப் புத்தகம். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அதனால் மூலிகை, விஷம் என்றால் அவருக்குத் தனி ஆசை. செடியைப் புத்தகத்தில் பார்ப்பது பார்ப்பதே இல்லை என்று ஒரு வருஷமாகப் பெரிய மேரிடம் மன்றாடித்தான் அந்த ஒரு நாளை வாங்கியிருந்தார். அப்போது அவர் எனக்குப் பெரிய மனுஷியாகத் தெரிந்தார். இப்போது கணக்குப் போட்டால் அவருக்கு முப்பது வயதுகூட இருந்திருக்காது.

எனக்குப் பதினோரு வயது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மதாம் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். மலையில் சேகரிக்கும் விதை, காய், பட்டை எல்லாவற்றையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி, மேலே பெயர் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்க வேண்டும். நீல நிற டப்பா. மூடியில் ஒரு கப்பல் படம். அதைத் தொட மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு அதை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

துணைக்கு ஒரே ஒரு ஆள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி, மணி அடித்ததும் எங்களுக்கு ஊற்றிக் கொடுப்பாளே, அந்தத் தண்ணிக்காரம்மா. கறுத்து ஒல்லியாக இருப்பாள். கணவன் மில்லில் வேலை போனவன். அவள் பிறந்த ஊர் செஞ்சிப் பக்கம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விடிவதற்குள் பஸ் கிளம்பியது. இரண்டு பானைத் தண்ணீர், புளிச்சோற்று மூட்டை, செடி அழுத்த பழைய செய்தித்தாள் கட்டு. கோரிமேட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் ஊரில் சாராயம் உண்டு, அந்தப் பக்கம் மதுவிலக்கு. ஆகவே எல்லா வண்டியையும் சோதித்துத்தான் விடுவார்கள். பானையை இறக்கிக் காட்டச் சொன்னதும் பஸ் கிளீனர் அவசரமாக ஒன்றைத் தூக்கினான். கை வழுக்கியது. பானை படியில் மோதி உடைந்து, தண்ணீர் செம்மண்ணில் ஓடிப் போனது. போலீஸ்காரரே குனிந்து மோந்துவிட்டு, "தண்ணிதாம்பா" என்றார். நாங்கள் சிரித்தோம். தண்ணிக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இருபது பேரு மலை ஏறணும் மதாம்மா. ஒரு பானை பத்தாது."

"வழியில பாத்துக்கலாம்" என்றார் மதாம்.

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால், கோட்டையும் மதிலும் இல்லாத ஒரு பாறைக் குன்றுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. தை மாதம். வெயில் இன்னும் ஏறவில்லை. நான் முதல்முதலாக ஒரு மலையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். யாரோ பெரிய பெரிய உருண்டைகளைக் கொட்டிவிட்டுப் போனது போல இருந்தது. ஒவ்வொரு உருண்டையும் நம் கோயில் மணிக்கூண்டு அளவு.

ஏற ஆரம்பித்ததும் மதாமின் குரல் மாறிவிட்டது. வகுப்பில் இல்லாத ஒரு வேகம். இது எருக்கு, பால் கண்ணில் பட்டால் எரியும். இது திருகுகள்ளி. இது நிலவேம்பு, காய்ச்சலுக்கு. இது குன்றிமணி, உங்கள் பல்லாங்குழியில் இருக்கிறதே, அதேதான், கடித்தால் உயிர் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரெஞ்சுப் பெயர், ஒரு லத்தீன் பெயர். நான் எழுதி எழுதிப் பொட்டலம் கட்டினேன். கை நிறையப் பச்சை வாசனை.

பாதி வழியில் என் பக்கத்து பெஞ்சுக்காரி அலறினாள். ஒரு கொடியில் தொங்கிய வெல்வெட்டுப் போன்ற காயைத் தடவிப் பார்த்திருக்கிறாள். கை முழுக்க அரிப்பு. சொறியச் சொறியக் கழுத்துக்கும் ஏறியது. மதாம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து தண்ணிக்காரம்மா ஓடி வந்தாள்.

"சொறியாத கண்ணு, சொறியாத. பூனைக்காலி அது. தோ, கைய நீட்டு." ஈரமண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்தாள். சுணை எல்லாம் மண்ணோடு வந்தது. அழுகை நின்றது.

அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின்தங்கி, தண்ணிக்காரம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். இது என்னா, அது என்னா. அவள் தாழ்ந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் மதாம் பேசுவதைக் கேட்க ஐந்தாறு பேர்தான் இருந்தோம். மதாம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்குங்கம்மா. பாடம் நான் எடுத்துக்கறேன்."

"செரிங்க மதாம்மா" என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு சரிவில் இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மதாம் எங்களை அங்கே நிறுத்தினார். "ரெண்டும் ஒரே குடும்பம். அக்கா தங்கச்சி மாதிரி. இலைய பாருங்க, எவ்வளவு ஒத்துமை. ஒண்ணு தேற்றான். அதோட கொட்டைய பானையில தேய்ச்சா கலங்கின தண்ணி தெளிஞ்சிடும். இன்னொண்ணு எட்டி. அதோட கொட்டை ஆளையே கொன்னுடும். முதல்ல கழுத்து விறைக்கும். அப்புறம் தாடை பூட்டிக்கும். அதுக்கப்புறம் சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லா வளையும்."

கொட்டைகளை உடைத்தெடுத்து, தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். ஒன்று சட்டைப் பித்தான் போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில். மற்றது சின்னதாக, உருண்டையாக, மணி போல. எது எந்தக் கொட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் அப்படியே பெயர் எழுதி மடித்தேன். ஆனால் என் கண் எதிர்ப் பாறையில் இருந்தது. ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குத் தாவியது. கை எழுதியது, காது கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் ஏறியதும் கால் வழுக்கி விழுந்தேன். முட்டி சிராய்த்தது. டப்பா திறந்து பொட்டலங்கள் பாறையில் சிதறின. எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டேன். இரண்டு மட்டும் பிரிந்து கொட்டிவிட்டன. தேற்றானும் எட்டியும். காகிதம் இரண்டும் இருந்தன, என் கையெழுத்தும் அழகாகத்தான் இருந்தது. பித்தான்கள் ஒரு பக்கம், மணிகள் ஒரு பக்கம் என்று பிரிப்பதும் கஷ்டமாக இல்லை. ஆனால் எது தேற்றான்?

கேட்டிருக்கலாம். மதாம் முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கேட்டால், பாடம் கவனிக்கவில்லை என்று தெரிந்துவிடும். டப்பாவை வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் ஏற்கெனவே அதன்மேல் கண் வைத்திருந்தாள். பித்தான் பெரியது, நல்ல பொருள் பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பித்தான்களைத் தேற்றான் என்ற காகிதத்தில் மடித்தேன். மணிகளை எட்டியில் மடித்தேன். டப்பாவை மூடினேன். யாரும் பார்க்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறைக் குடைவு இருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அடுப்பு மூட்டிய இடம். கரியும் சாம்பலும் கிடந்தன. அங்கே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியும்போது இருந்த ஒரு பானையும் காலி. புளிச்சோறும் வெயிலும் சேர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணிக்காரம்மா பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சுனையைத் தேடிப் போனாள். நானும் பெஞ்சுக்காரியும் மற்றவர்களுமாகக் காட்டு நெல்லிக்காய் பறிக்கப் போனோம். தாகத்துக்கு அது நல்லது என்று மதாமே அனுப்பினார்.

வாய் நிறைய நெல்லிக்காயோடு திரும்பி வந்தபோது பிள்ளைகள் பானையைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். தண்ணிக்காரம்மா செம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். அவள் காலடியில் என் டப்பா திறந்திருந்தது.



"சொனையில ஆடு எறங்கி ஒரே சேறு பாப்பா" என்றாள் என்னைப் பார்த்து. "ஒன் டப்பாவுலேர்ந்து ஒரு தேத்தாங்கொட்டை எடுத்துக்கிட்டேன். மதாம்மாதான் எடுத்துக்கோன்னு சொன்னாங்க. பாரு, கண்ணாடி மாதிரி தெளிஞ்சிடுச்சி."

டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு பொட்டலங்களும் கிடந்தன. மறுபடியும் மடித்து வைத்திருந்தாள். என் மடிப்பு அல்ல.

பெஞ்சுக்காரி குடித்துவிட்டு, "அய்ய, தண்ணி இனிக்குதுடி!" என்றாள். எல்லோருக்கும் இனித்தது. நெல்லிக்காய் தின்ற வாய்க்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டி கசக்கும் என்றும் தெரியும். இந்த வாய்களுக்கு அந்தக் கசப்பு தெரியுமா, தெரியாதா? அதுதான் தெரியவில்லை. என் முறை வந்தது. குவளையை வாங்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். அங்கே தண்ணீரைக் கீழே ஊற்றினேன். காலிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். இருபத்தொரு பேர் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. குடிக்காதே என்று ஒருத்தியிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து நின்றேன்.  பெஞ்சுக்காரி எழுந்து ஓடப் போனவள், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "கால் இழுக்குது, கால் இழுக்குது" என்று கத்தினாள். பாதம் உள்பக்கமாக வளைந்து விறைத்திருந்தது. நான் மதாமிடம் ஓடினேன்.

என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "மதாம், தண்ணிக்காரம்மா எட்டிக்கொட்டைய எடுத்துத் தேய்ச்சிட்டாங்களோன்னு பயமா இருக்கு."

நான் பொட்டலத்தை மாற்றிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஓடிவந்த அந்தப் பத்தடிக்குள் வாக்கியம் தானாகத் திரும்பிக்கொண்டது.

மதாம் டப்பாவை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். தேற்றான் என்ற காகிதத்தில் மணிகள் இருந்தன. எட்டி என்ற காகிதத்தில் பித்தான்கள் இருந்தன. நான் வைத்ததற்கு நேர்மாறாக.

"எந்தக் கொட்டைய எடுத்தே? காட்டு."

தண்ணிக்காரம்மா இடுப்புச் செருகலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முக்கால்வாசி தேய்ந்து, நனைந்து, தோல் போய், ஒரு சில்லுப் போலத்தான் மிச்சம் இருந்தது. மதாம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அந்தக் கொட்டைகளை நேரில் பார்த்ததே அன்று காலையில்தான். அது எனக்கு அப்போது தெரியாது. 

"தேத்தாங்கொட்டைதாங்க மதாம்மா. பொட்டலம் மாறிக் கெடந்துச்சு. நாந்தான் மாத்தி வச்சேன்."

"மாத்தினியா? பொட்டலத்த மாத்தினியா நீ?"

"மாறிக் கெடந்ததத்தாம்மா..."

"எழுதியிருக்கறத படிக்கத் தெரியுமா உனக்கு?"

அவளுக்குப் படிக்கத் தெரியாதுதான்.

"படிக்கத் தெரியாது, மாறியிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கீழ மரத்தடியில நீங்க குடுக்கும்போது பாத்தேங்க. மணி போட்ட காயிதம் நீலக்கோடு, தட்டையானது போட்ட காயிதம் வெள்ளை. இப்ப பிரிச்சா மாறி இருக்குது. எட்டி எது, தேத்தான் எது, எனக்குத் தெரியாதா? நான் பொறந்து வளந்ததே இந்த மரத்தடியிலதான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. நான் மடித்ததுதான் சரியோ, இவள்தான் தப்பாக மாற்றிவிட்டாளோ? அப்படியிருந்தால் குற்றம் என்மேல் இல்லை. நான் அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்தொரு பேர் சாகலாம் என்ற நேரத்தில் நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

மதாம் ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்டுக்காரர்கள் விட்டுப்போன அடுப்புக்கரியைக் கல்லில் வைத்து நுணுக்கினார். கவுன் முழுக்கக் கறுப்பானது. விஷத்தைக் கரி உறிஞ்சிக்கொள்ளும் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். ஒவ்வொருத்தியின் வாயிலும் ஒரு பிடி. சிலர் துப்பினார்கள், மறுபடியும் ஊட்டினார். எனக்கும் ஊட்டினார். நான் விழுங்கினேன்.

பிறகு எல்லோரையும் பாறை நிழலில் வரிசையாகப் படுக்க வைத்தார். வகுப்பில் "சிலான்ஸ்!" என்று மேசையைத் தட்டுகிறவர், அன்று விரலை உதட்டில் வைத்துக் காற்றுப் போலச் சொன்னார். "பேசக் கூடாது. அசையக் கூடாது. ஒருத்தர ஒருத்தர் தொடக் கூடாது." ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில்தான் பாடம் எடுத்திருந்தார். சின்னச் சத்தம் கேட்டாலும்.

அந்த அமைதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அல்லது மறந்துவிட்டீர்களோ என்னவோ. இருபத்திரண்டு பெண்கள், கறுத்த வாயோடு, வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தோம். கீழே எங்கோ ஒரு ஆட்டுமணி. அது கேட்கும்போதெல்லாம் எல்லோருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது, பயத்தில். யாரோ ஒருத்திக்குப் பல் டக்டக்கென்று அடித்துக்கொண்டது. தாடை பூட்டுகிறது என்று நினைத்து அவள் சத்தமில்லாமல் அழுதாள். பாறை முதுகைச் சுட்டது. நான் என் பக்கத்தில் படுத்திருந்த பெஞ்சுக்காரியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்தைத் திருப்பினால் உயிர். திருப்பாவிட்டால்? அவள் அசையக் கூடாது என்ற கட்டளைக்குப் பயந்து அசையாமல் கிடந்தாள்.

அப்போதுதான் தண்ணிக்காரம்மா எழுந்தாள். மெதுவாக நடந்து பானையிடம் போனாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. செம்பில் சரித்து நின்றபடியே குடித்தாள். இரண்டாவது செம்பும் நிறைந்தது. அதையும் குடித்தாள். மதாம் பாய்ந்து போய்க் கையைப் பிடிப்பதற்குள் செம்பு காலி.

"என்ன காரியம் பண்றே?"

"தாகமா இருந்துச்சு மதாம்மா" என்றாள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி ஒரு வெட்டவெளிப் பாறையில், வெயிலில், கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நிழல் ஒரு முழம் நகர்ந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலையைத் திருப்பி ஆட்டுமணி வந்த திசையைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். பெஞ்சுக்காரி என் பக்கம் கழுத்தைத் திருப்பி, "எனக்குப் பசிக்குதுடி" என்றாள். மலை ஏறிப் பழகாத காலில் நரம்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

யாருக்கும் ஒன்றும் இல்லை.

இறங்கும்போது மதாம் கடைசியாக வந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எட்டி மரத்தடியில் நின்று, கையில் ஒரு பித்தானையும் அந்தத் தேய்ந்த சில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் புதரில் எறிந்தார்.

சாயங்காலம் பள்ளி வாசலில் எங்களைக் கூட்டிப்போகப் பெற்றோர்கள் காத்திருந்தார்கள். இருபத்திரண்டு கறுத்த வாய்களைப் பார்த்ததும் கூச்சல் கிளம்பியது. விஷம் என்ற சொல் ஒரு நொடியில் தெருமுனைவரை போய்விட்டது. ஒரு பெண்ணின் அப்பா, "பிள்ளைங்களுக்கு விஷம் குடுத்தது யாரு?" என்று கத்தினார். பெரிய மேர் வந்தார். மதாமைப் பார்த்தார். மதாம் சொன்னது எனக்குக் கேட்டது. "வேலைக்காரி பொட்டலத்த மாத்திட்டா, மா மேர். நல்லவேளை, கரி குடுத்துக் காப்பாத்திட்டேன்."

தண்ணிக்காரம்மா காலிப் பானையோடு பஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நானும் அவளும் மட்டுமே அந்தக் கூட்டத்தில் பேசாமல் நின்றோம்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீர் ஊற்ற வேறு ஒரு பெண் வந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், மிளகு ரசம் வைத்தாள், சுற்றிப் போட்டாள். மலையில் பயந்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை, தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, அவள் குடியிருந்த கருவடிக்குப்பத்துக்கு நடந்தே போனேன். வழியில் மூன்று பேரிடம் விசாரித்தேன்.

வாசலில் சாக்கு விரித்து, மளிகைக்கடைக்காரர் ஒருவருக்காகப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பிசுக்கு. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"நான்தான் மாத்தி வச்சேன்" என்றேன். "கீழ விழுந்து கொட்டிடுச்சி. எது எதுன்னு தெரியல."

"தெரியும் பாப்பா."

"அப்பவேவா?"

"பொட்டலம் கட்டுனது நீ. வேற யாரு மாத்துவா?" புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "ஒன்னப் பாத்தேன், நீ குனிஞ்சிக்கிட்ட. சின்னப் புள்ள, அடிப்பாங்கன்னு பயம். செரி, கீழ எறங்குனப்புறம் நீ சொல்லுவியான்னு பாத்தேன். பஸ்ஸுல சொல்லுவியான்னு பாத்தேன். பள்ளிக்கூடத்து வாசல்லயாச்சும் சொல்லுவியான்னு பாத்தேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை புளியை உருவிக்கொண்டே இருந்தாள். உள்ளே யாரோ ஆண் இருமும் சத்தம் கேட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட வந்து சொல்லி என்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. போ, வெயிலு ஏறுது."

நடந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், இந்தத் தடவை திரும்பிக்கொள்ளாதபடி. பெரிய மேரின் அறைக்குப் போகத்தான் கிளம்பினேன். ஆனால் மறுநாள் பள்ளி முடிந்ததும் கால் என்னைக் கொண்டுபோனது மதாமின் அறைக்கு. அவர் செய்தித்தாளில் காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, குரங்கைப் பார்த்தது, பித்தான், மணி. குடிக்காததை மட்டும் விட்டுவிட்டேன்.

மதாம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து மதாம்?"

"இறங்கும்போதே. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அந்த அம்மா சரியாத்தான் எடுத்திருந்தாங்க."

அவர் வாயிலிருந்து "அந்த அம்மா" என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அப்ப அவங்கள திரும்பக் கூப்பிடலாமே மதாம்?"

மதாம் ஒரு காய்ந்த இலையின் காம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "கூப்பிட்டா, இருபத்திரண்டு பிள்ளைங்களுக்கும் எதுக்குக் கரி ஊட்டினேன்னு கேப்பாங்க. நல்ல தண்ணிக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதவ எதுக்குப் பாடம் நடத்தறேன்னு கேப்பாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதை நான் அதற்கு முன் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. பிறகு என் தோளில் கை வைத்தார். "நீ சொல்லிட்டே. உன் கடமை முடிஞ்சுது. இனிமே இதுல உனக்கு ஒண்ணும் இல்ல. வேற யார்கிட்டயும் சொல்லவேண்டாம், என்ன?"

"சரி மதாம்" என்றேன்.

எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. பெரிய மேரின் அறை அதே தாழ்வாரத்தில், நாலு கதவு தள்ளித்தான் இருந்தது. கதவு திறந்தும் இருந்தது. நான் அதைத் தாண்டி வெளியே வந்தேன். வாசலைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தேன். வீடுவரை ஓடினேன்.

அன்றைக்கு அம்மா வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "ஒரு வாரமா கொறிச்சிக்கிட்டுக் கெடந்த பொண்ணு, இன்னிக்குத்தான் சாப்புடுது" என்று அப்பாவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே, சட்டியிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதையும் தின்றேன்.